பஞ்சம்மா மதினி வாங்கின பெல்ட் சாணை

எங்க மதினி பஞ்சம்மாளைப் பத்தி அனுமந்தன்பட்டியில யாரைக் கேட்டாலும் மொதல்ல சுத்திமுத்தும் ஒரு பார்வ பாத்துக்குவாக, அப்புறந்தான் வாயத் தொறப்பாக. வாய்க்காரிம்பாக. மனசுல வச்சுச் செய்யிறவம்பாக. அவகிட்ட மட்டும் ஒரண்ட இழுத்துறாதம்பாக. எல்லாம் நெசந்தான், நான் இல்லேங்கல. ஆனா ஏன் அப்பிடி ஆச்சுன்னு ஒருத்தனும் முழுசாச் சொல்ல மாட்டான். நான் அதுக்குக் கொழுந்தன், நல்லகண்ணு. எங்க அண்ணன் கருத்தக்கண்ணனுக்கு வாக்கப்பட்டு மதினி வந்த நாள்ல இருந்து ஒரே வீடு, ஒரே உலை. அதனால நான் சொல்றதுதான் சரியா இருக்கும். கேக்க இஷ்டமில்லாதவுக இப்பவே எந்திரிச்சுப் போயிருங்க, நடுவுல போனா எனக்குக் கோவம் வரும்.

எங்க தெருவுல தீவாளிக்குக் கறிக்கடைக்கு யாரும் போறதில்ல. தெரு மொத்தமும் சேந்து ஆடு வாங்கி, புளியமரத்தடியில அறுத்து, வீட்டுக்கு ஒரு கூறுன்னு வாழ எலையில குமிச்சு வைப்போம். சதை, எலும்பு, ஈரல், குடல் எல்லாம் எல்லாக் கூறுலயும் சமமா விழுந்திருக்கணும். கூறு வச்சு முடிச்சதும் சண்முகராஜ் மாமா அந்தப் பக்கமாத் திரும்பி நின்னுக்குவாக. தெருவுக்கு மூத்தவுக அவுகதான். பின்னால ஒருத்தன் ஒரு கூறத் தொட்டு, "இது யாருக்கு?"ன்னு கேப்பான். மாமா திரும்பிப் பாக்காம ஒரு பேரைச் சொல்லுவாக. பாக்காமச் சொல்றதால எனக்கு எலும்பு அவனுக்குச் சதைன்னு எவனும் மல்லுக்கட்ட முடியாது.

அந்தக் கறிய வெட்டுறது எங்க குடும்பம். எங்க அப்பா வெட்டுனாக, அவுகளுக்கு அப்புறம் அண்ணன். கூலியின்னு ஒண்ணும் கெடையாது, ஆட்டுத் தல வெட்டுறவனுக்கு. தல என்னய்யா தல, அதுவா பெருசு? தெருவே சுத்தி நிக்கும்போது கத்தி யாரு கையில இருக்கோ, அன்னைக்கு அவன் வச்சதுதான் சட்டம். அந்தக் கத்திக்கும் அந்த உரிமைக்கும் சேத்துத் தெருக் கத்தின்னு பேரு. வருசம் முழுக்கத் திராட்சத் தோட்டத்துல குனிஞ்சு கவாத்து வெட்டுற எங்க அண்ணன், அந்த ஒரு நாளுதான் நிமிந்து நிப்பாக. மதினி அன்னைக்கு மட்டும் தலையில பூவ ஒரு மொழம் கூட வச்சுக்கிரும்.

அந்தக் கத்தி மேல எதுத்த வீட்டுச் சங்கிலிக்கு ஒரு கண்ணு. பங்காளிதான், எனக்கு அண்ணன் மொற. அவன் வீட்டு வாசல்ல கரண்டுல சுத்துற சாணைக்கல்லு ஒண்ணு வாங்கிப் போட்டிருந்தான். சுத்துப்பட்டுல இருந்தெல்லாம் கத்தி, அருவா அவன்கிட்டத்தான் வரும். எழுபத்தாறாம் வருசத் தீவாளிக்கு அண்ணனும் தெருக் கத்திய அவன்கிட்டக் குடுத்தாக. பங்காளி தானேன்னு நம்பிக் குடுத்தாக. தீட்டிக் குடுத்தான், நாசமாப் போறவன்.

சாணைக்கல்லுல தண்ணி காட்டாம இரும்ப அழுத்திப் பிடிச்சா சூடேறிப் பதம் செத்துப் போகும். அறுக்குற ஓரம், அதான் வாய், நீலம் பாஞ்சிரும். அப்பறம் அது கத்தியில்ல, தகரம். இவன் வேணும்னே அப்பிடிப் பொசுக்கிட்டு, அந்த நீலத்த மேலோட்டமாத் தேச்சு எடுத்துட்டு, கண்ணாடி மாதிரி பளபளன்னு குடுத்துட்டான். விடிஞ்சா தீவாளி. ரெண்டாவது ஆட்டுத் தொடையில அண்ணன் ஓங்கி ஒரு போடு போட்டாக, வாய் அப்பிடியே மடங்கி எலும்புக்குள்ள மாட்டிக்கிருச்சு. உருவப் போனாக. ரத்தத்துல பிடி வழுக்கி, கை கத்தி மேலயே ஏறிருச்சு.

வலது கையில ரெண்டு வெரலு. கம்பம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயித் தையல் போட்டோம். வெரலு ஒட்டிக்கிருச்சு, ஆனா நரம்பு போனது போனதுதான், மடங்கல. அண்ணனத் தூக்கிக்கிட்டு நான் ஓடும்போது திரும்பிப் பாத்தேன். சங்கிலி ஒரு சாக்குக்குள்ள இருந்து தன் கத்திய எடுத்துக்கிட்டிருந்தான். தயாராக் கொண்டாந்திருக்கான்! மிச்ச ஆட்ட அவன் வெட்டி, தலைய எல்லாம் அவனே கொண்டுபோனான். எங்க வீட்டுக் கூற யாரோ வந்து வாசல்ல வச்சுட்டுப் போயிருந்தாக. மதினி அதத் தூக்கி நாயிக்குப் போட்டுச்சு.

கொஞ்ச நாள்ல டீக்கடையில அவன் பேசுனத என் காதாலயே கேட்டேன். நான் உள்ள பெஞ்சுல இருந்தது அவனுக்குத் தெரியாது. "பளபளன்னு குடுத்தா வாங்குறவன் ஆராய்ச்சியா பண்ணப் போறான்? முண்டம், வாங்கிட்டுப் போயிட்டான்"ன்னு சொல்லிச் சிரிக்கிறான். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிருச்சு. நேரா வீட்டுக்கு வந்து, கூரையில செருகியிருந்த அருவாள உருவுனேன். மதினி வாசல்ல குறுக்க நின்னுக்கிருச்சு.

"ஏலே, எங்க போற?"

"தள்ளு மதினி. இன்னைக்கு அவன் தல உருளும்."

"உருட்டிட்டு நீ உள்ள போயி உக்காந்துக்குவ. கவாத்துக்கு யாரு நிப்பா? இந்தக் கைய வச்சுக்கிட்டு உங்க அண்ணனா? அருவாள உள்ள வையி."

"அப்ப விட்ருவமா?"

"விடுறதா?" மதினி சிரிச்சுச்சு. "எந்தக் கல்லுல வச்சு எங்க ஆளு கையப் பொசுக்குனானோ, அந்தக் கல்லு சுத்தக் கூடாது. அவன் வீட்டு வாசலுக்கு ஒருத்தன் கத்தியோட போகக் கூடாது. தெருக் கத்தி அவன் கையில இருக்கக் கூடாது. நம்ம வீட்டுல ஒரு மிஷினப் போடுறேன், பொறு."

அண்ணன் அதுக்கு நேர் எதிர். "விடுத்தா, நடந்தது நடந்துபோச்சு"ன்னுவாக. சண்முகராஜ் மாமாவும் வீட்டுக்கு வந்து, "கருத்தக்கண்ணா, எடது கையில பழகு. தெருக் கத்தி உன் குடும்பத்தோடது, எவனும் பிடுங்க முடியாது. வர்ற தீவாளிக்கு மட்டும் சங்கிலி வெட்டட்டும். அடுத்த வருசம் நீ வந்து வாங்கிக்க"ன்னு சொன்னாக. அண்ணன் தலையாட்டிட்டு மறுநாளே தோட்டத்துல வாழ மரத்து மேல எடது கைய வச்சுப் பழக ஆரம்பிச்சாக. மதினிக்கு அந்த 'வர்ற தீவாளிக்கு மட்டும்'ங்கிறதுதான் தொண்டையில முள்ளு. ஒரு வருசமா அவன் கையில அந்தக் கத்தியப் பாக்கணுமான்னு மொனங்கிக்கிட்டே இருக்கும்.

தை பொறந்ததும் என்னக் கூட்டிக்கிட்டுத் தேனிக்குப் பஸ் ஏறுச்சு. பஜார்ல வைகுண்டராஜ்னு ஒருத்தர் மோட்டார், மிஷின் சாமான் விக்கிற கடை வச்சிருந்தாக. நெத்தியில ஒண்ணும் இருக்காது, மேசைக்குப் பின்னால பைபிள் வசனம் எழுதுன காலண்டரு தொங்கும். பொறுமையான மனுசன். வீட்டுல கத்தி தீட்ட மிஷின் வேணும்னு மதினி சொன்னதும், "எதுக்கும்மா மிஷினு? நல்ல எண்ணெய்க்கல்லு ஒண்ணு தாரேன், வீட்டுக்கு அதுவே தாராளம்"னாக.

"கல்லு எங்க வீட்டுல கெடக்கு மொதலாளி. கல்லுல தீட்டுனா சத்தம் வராதே."

"சத்தம் எதுக்கும்மா?"

"எதுத்த வீட்டுக்காரனுக்குக் கேக்கணும்."

மனுசன் என்னைப் பாத்தாக. நான் கூரையப் பாத்தேன்.

மொதல்ல ரெண்டு பக்கமும் கல்லு வச்ச கரண்டு சாணையக் காட்டுனாக. வெலை கம்மி, பலகையில முடுக்கிவச்சா ஆயுசுக்கும் ஓடும்னாக. மதினி அதத் தொடக்கூட இல்ல. "இது அவன் வச்சிருக்கிற சனியன். இதுல சூடேறும். என் வீட்டு வாசப்படி இது ஏறாது." அடுத்து, கையால சுத்துற சாணை. ஒருத்தர் சுத்தணும், ஒருத்தர் பிடிக்கணும். "சுத்துறதுக்கு இவன் இருக்கான்னு பாக்குறீகளா? பாதியில கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவான்." அங்கன வச்சு என் மானத்த வாங்குறதுல அதுக்கு ஒரு சந்தோசம்.

கடைசியாத்தான் பெல்ட் சாணையக் காட்டுனாக. உப்புத்தாள் பாத்திருப்பீக. அதத் துணியில ஒட்டி வளையமாக்கி, ரெண்டு சக்கரத்துல மாட்டி மோட்டார்ல ஓட விட்டா எப்பிடியிருக்கும், அதான். எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பாலிஷ் போடுற பட்டறையில வச்சிருப்பாக. கடைக்காரரு ஒரு பழைய கத்திய எடுத்து அதுல ரெண்டு இழுப்பு இழுத்துட்டு நீட்டுனாக. மதினி கையில வாங்காது, கத்தியக் கைக்குக் கை குடுத்தா பகைம்பாக எங்க பக்கம். மேசையில வைக்கச் சொல்லி, எடுத்து முதுகுல வெரல வச்சுப் பாத்துச்சு. சுடல. அப்ப அது மூஞ்சியில வந்த வெளிச்சம் இருக்கே, அண்ணன் தாலி கட்டும்போது கூட நான் பாக்கல.

ஆனா புதுசு வெலையக் கேட்டதும் எனக்கு மயக்கம் வந்திருச்சு. வீட்டுக் கறவ மாட்ட வித்தாத்தான் கட்டும். பழசு ரெண்டு இருக்குன்னாக, மதுரையில மூடுன பட்டறைச் சரக்கு. அதுல ஒண்ணு ரொம்ப மலிவு, ஆனா அதுக்கு மூணு பேஸ் கரண்டு வேணும். வீட்டுல அது ஏது? தோட்டத்துப் பம்புசெட்டு ரூமுல வச்சுக்கலாமேன்னு நான் சொன்னேன். "ஏலே கூறுகெட்டவனே, தோட்டத்துல ஓட்டுனா சங்கிலிக்குக் கேக்குமா?"ன்னு கடைக்குள்ளயே கத்துது. இன்னொண்ணு வீட்டுக் கரண்டுல ஓடுறது, அர குதிர சக்தி மோட்டாரு, கோயமுத்தூர்ச் சரக்கு. மேடை கொஞ்சம் ஆடுச்சு.

வாங்கிருவோம்னு நான் பறந்தேன். மதினி விடல. "பெல்ட்டு தேஞ்சா எங்க வாங்குறது?"ன்னு கேட்டுச்சு. அது கேக்காட்டி நாங்க ஏமாந்திருப்போம். வேற ஒரு மாதிரி மிஷினுக்குப் பம்பாயில இருந்துதான் பெல்ட்டு வரணுமாம், தேஞ்சா மிஷினுல கோழி அடைக்கலாம். இதுக்கு அப்பிடி இல்ல, உப்புத்துணிய அளவா வெட்டி மதுரையில எந்தக் கடையிலயும் ஒட்டிக் குடுப்பாகன்னு வைகுண்டராஜ் சொன்னாக. வேகம் அதிகமாத் தெரியுதுன்னு மதினி சொன்னதுக்கு, சக்கரத்த மாத்திப் பாதியாக் கொறச்சும் குடுத்தாக. சூடு கம்மியா ஏறும், பொம்பளைக்குக் கையும் நடுங்காதுன்னாக. கெடேரிக் கன்னுக்குட்டிய வித்து அத வாங்கியாந்தோம். பஸ்சு மேல ஏத்தக் கண்டக்டர் மொறச்சதும், நான் திருப்பி மொறச்சதும் தனிக் கதை.

வாசல்லயே, சங்கிலி வீட்டுக்கு நேரா, பலகை போட்டு முடுக்கினோம். மொத நாள் சுவிச்சப் போட்டதும் தெருவுல இருந்த பல்பெல்லாம் ஒரு தடவ மங்கி எந்திரிச்சுச்சு. மதினி மிஷின அமத்திட்டு மறுபடியும் போட்டுச்சு. மறுபடியும் மங்குச்சு. "அவன் வீட்டு பல்பும் மங்குதாலே?" "மங்குது மதினி." அத ஒரு வாரம் செஞ்சுச்சு, கத்தியே இல்லாம.

அப்பறந்தான் தொழிலு பழகுச்சு. எங்க வீட்டுப் பழைய அருவா, கொத்து, நெளிஞ்ச கத்தி எல்லாம் அதுகிட்டச் சிக்கிச் சின்னாபின்னமாச்சு. ஒண்ணு தெளிவாப் புரிஞ்சுக்கிருச்சு. பெல்ட்டுக்குப் பின்னால ஒரு எடத்துல இரும்புத் தட்டு இருக்கும், ஒரு எடத்துல ஒண்ணும் இருக்காது, தொய்வா ஓடும். தட்டு மேல வச்சா வாய் மெல்லிசாகும், சவரக்கத்தி மாதிரி ஆயிரும். அது காய்கறிக்கு, அருவாமனைக்கு. தொய்வுல வச்சா வாய்க்குப் பின்னால கொஞ்சம் சதை, அதான் இரும்புத் தடிப்பு, நிக்கும், அதுதான் எலும்பு வெட்டுற கத்திக்கு. மெல்லிசு வாய எலும்புல போட்டா நிக்காது. ஒவ்வொரு இழுப்புக்கும் வாளித் தண்ணியில ஒரு முக்கு. இது எனக்கும் தெரிஞ்சுபோச்சு, தண்ணி மொண்டு ஊத்துறது நாந்தானே.

பெறகு மதினி செஞ்சதுதான் பழி. தெருவுல இருக்கிற பொம்பளைக அத்தன பேரையும் கூப்புட்டு அருவாமனையக் கொண்டா, தீட்டித் தாரேன்னுச்சு. காசு கெடையாது. ஒத்தப் பைசா வாங்கல. கவாத்துக் கத்திரி, எளநிக் கத்தி, கதிரருவா, எது வந்தாலும் சும்மா. "கரண்டுக்காவது வாங்கு மதினி"ன்னு நான் கத்துவேன். "காசு வாங்குனா பாதிப் பேரு அவன்கிட்டப் போயிருவான். இது வியாபாரமில்லலே"ங்கும். ராயப்பன்பட்டியில இருந்தெல்லாம் சைக்கிள்ல கத்தி வந்துச்சு. எதுத்தாப்புல சங்கிலி, துணி போட்டு மூடுன கல்லுக்குப் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பான். ஆடி மாசம் அந்தக் கல்லக் கழட்டிச் சின்னமனூர்ல வித்துட்டான். அன்னைக்கு மதினி தெருவுக்கே பணியாரம் சுட்டுக் குடுத்துச்சு. அவன் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போச்சு.

அதோட நின்னிருக்கலாம். நிக்கல. கல்லு போச்சே ஒழிய, கத்தி அவன் கையிலதான இருக்கு? ஐப்பசி நெருங்க நெருங்க மதினிக்குச் சோறு எறங்கல. அண்ணன் எடது கையில வாழத்தண்டத் துண்டு துண்டாப் போட்டுக் காட்டி, "இன்னும் ஒரே வருசம் பொறுத்தா, அடுத்த தீவாளி நம்மது"ம்பாக. மதினி எந்திரிச்சு மிஷின்கிட்டப் போயிரும்.

தீவாளிக்கு மொத நாள் மத்தியானம் சங்கிலியே எங்க வாசலுக்கு வந்தான். அவனா வரல, மாமா அனுப்பிவிட்டிருக்காக. பஞ்சம்மா மிஷின்ல தீட்டுன கத்தியாலதான் இந்த வருசம் வெட்டணும், போன வருசம் மாதிரி ஆயிறக் கூடாதுன்னு தெருவே சொல்லிருச்சாம். போன வருசம் சாக்குல இருந்து எடுத்த அதே கத்தியத் தரையில வச்சுட்டு, "மதினி, தெருக் கத்தி. தீட்டிக் குடுங்க"ன்னான். மூஞ்சி வெளக்கெண்ணெ குடிச்ச மாதிரி இருந்துச்சு. அடடா, அந்த மூஞ்சியப் பாக்கத்தான நாங்க கன்னுக்குட்டிய வித்தோம்!

மதினி குனிஞ்சு எடுத்துச்சு. தொய்வுலதான் வச்சுத் தீட்டுச்சு, நான் பக்கத்துல நின்னு பாத்தேன். எலும்புக்கு எப்பிடி வேணுமோ அப்பிடித் தீட்டித் தரையில வச்சுச்சு. அவன் எடுத்து முன்னங்கையில வச்சு ரோமத்தச் செரச்சுப் பாத்தான். பாதி போச்சு, பாதி நின்னுச்சு. ஒரு இளிப்பு இளிச்சான் பாருங்க.

"என்ன மதினி, ஊரே மிஷினு மிஷினுன்னு பேசுது, கை ரோமம் கூடப் போகல? உங்க வீட்டு அருவாமனையில தொட்டாலே அறுக்குமாம்ல? தெருக் கத்தின்னா மட்டும் ஓரவஞ்சனையா?"

மதினி மொதல்ல அவன் மூஞ்சியப் பாத்துச்சு. அப்பறம் கத்தியப் பாத்துச்சு.

"அந்தக் கூரு வேணுமா?"

"அதான் வேணும்."

"நெசமாத்தான் கேக்குறியா?"

"தீட்டுங்க மதினி, என்னமோ தங்கத்தக் கேட்ட மாதிரி."

மெல்லிசு வாய் எலும்புல நிக்காதுன்னு சாணை வச்சிருந்த பயலுக்குத் தெரியாதான்னு கேப்பீக. அவன் கல்லுல அம்புட்டு மெல்லிசு வரவே வராது, அதனால அது ஒடஞ்சு பாத்ததில்ல. எல்லாத்துக்கும் மேல வீம்பு. மதினி எந்திரிச்சுக் கத்தியத் தட்டு மேல வச்சுச்சு. "மதினி, அது கறிக்..."ன்னு வாயெடுத்தேன். "நீ போயித் தண்ணி மொண்டா"ன்னுச்சு, என்னத் திரும்பிக்கூடப் பாக்காம. நான் வாளியத் தூக்கிட்டுப் போனேன். கெணத்தடியில நின்னு தனியாச் சிரிச்சேன். அவனுக்கு வேணும், நல்லா வேணும்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். நான் வரும்போது அவன் கையில ஒரு ரோமம் பாக்கியில்ல, வழவழன்னு தடவிக்கிட்டே போறான்.

விடிஞ்சதும் மதினி குளிச்சு, ஒரு வருசமா வைக்காத பூவ வச்சுக்கிட்டுப் புளியமரத்தடிக்கு வந்து மொத ஆளா நின்னுச்சு. அண்ணனும் வந்து ஓரமா நின்னாக. சங்கிலி மொத ஆட்டுச் சதையில கத்திய எறக்குனான். எறங்குனது தெரியல, கறி தானாப் பிரியுது. "என்னா கூருடா"ன்னு ஆளாளுக்கு மெச்சுறாக. அவன் மதினியப் பாத்துத் தலையச் சிலுப்புறான். மதினி இமைக்காம நிக்குது. ரெண்டாவது ஆட்டு எலும்புல போடும்போது 'கிரிக்'னு ஒரு சத்தம். அவன் கத்தியப் பாத்தான், வேட்டியில தொடச்சான், லேசா அந்தப் பக்கமாத் திரும்பி உக்காந்து வெட்ட ஆரம்பிச்சுட்டான். பேரு கெட்டுப் போகக் கூடாதுல்ல? மறுபடியும் கிரிக்கு. மறுபடியும். ஓங்கி ஓங்கிப் போட்டு ஒரு வழியா எல்லாத்தையும் வெட்டி முடிச்சுட்டான்.

கூறு வச்சாச்சு. சின்னப் பிள்ளைக ஈரல் துண்டக் குச்சியில குத்தி நெருப்புல வாட்டிக்கிட்டு நிக்குதுக. மாமா திரும்பி நின்னாக. "இது யாருக்கு?"ன்னு ஒருத்தன் மொதக் கூறத் தொட்டுக் கேட்டான். அந்த நேரம் சங்கிலி கத்திய வாளியில முக்கிக் கழுவித் தூக்குனான். வெயில்ல வாய் தெரிஞ்சுச்சு. மடங்கல. ரம்பம் மாதிரி பல்லுப் பல்லா உதிந்திருந்துச்சு. மதினி மூஞ்சி வெளுத்துப் போச்சு.

"கருத்தக்கண்ணனுக்கு"ன்னு மாமா சொன்னாக.

"நிப்பாட்டுங்க!" மதினி போட்ட சத்தத்துல மரத்துல இருந்த காக்காயெல்லாம் கெளம்பிருச்சு. "யாரும் கறியத் தொடாதீக! பிள்ளைகளா, துப்புங்க, வாயில இருக்கிறதத் துப்புங்க! கத்தி உதிந்து கறிக்குள்ள கெடக்கு!"

ஓடிப் போயிக் குச்சியெல்லாம் பிடுங்கி எறிஞ்சுச்சு. சங்கிலி, பொய்யி பொய்யின்னு கத்துனான். மாமா கத்திய வாங்கிப் பாத்தாக. மைக்செட்டுக்காரர் வீட்டுல இருந்து ஒடஞ்ச ஸ்பீக்கரோட காந்தத்தக் கொண்டாரச் சொல்லி, எங்க கூறு மேல வச்சு மெல்ல இழுத்தாக. பொடிப்பொடியா இரும்புச் சில்லு ஒட்டிக்கிட்டு வந்துச்சு. அடுத்த கூறுலயும் வந்துச்சு. ஒரு பிள்ளத்தாய்ச்சி வாயப் பொத்திக்கிட்டு அழுக ஆரம்பிச்சுட்டா. நல்லவேள, எந்தப் பிள்ளையும் முழுங்கல.

"தீட்டுனது இவதான்!"ன்னு சங்கிலி கையக் காட்டுனான்.

மாமா திரும்பி, "பஞ்சம்மா, தெரிஞ்சா தீட்டுன?"ன்னாக.

தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாக. நான் கண்ணக் காட்டுனேன். அது என்னைப் பாக்கவே இல்ல.

"தெரிஞ்சுதான். கூரா வேணும்னு அவன்தான் கேட்டான், குடுத்தேன். மடங்கும்னு நெனச்சேன். எங்க ஆளு நின்ன மாதிரி இவனும் எலும்புல கத்திய மாட்டிக்கிட்டு உங்க முன்னால நிக்கணும்னு நெனச்சேன். உதிரும்னு நெனக்கல. கேக்குறீகளே, நல்லாக் கேளுங்க. போன வருசம் எங்க ஆளு வெரலு போச்சே, அன்னைக்கு இதே மரத்தடியில ஒருத்தராவது அந்தக் கத்திய வாங்கிப் பாத்தீகளா? தெரிஞ்சா தீட்டுனன்னு இவன ஒருத்தராவது கேட்டீகளா?"

மாமா கத்தியத் தரையில வச்சாக. அப்பறம் சொன்னாக: "தெருக் கத்தி இனிமே ரெண்டு வீட்டுக்கும் கெடையாது. சங்கிலிக்கும் இல்ல, கருத்தக்கண்ணனுக்கும் இல்ல, உங்க பிள்ளைகளுக்கும் இல்ல. அடுத்த தீவாளியில இருந்து கம்பத்துல இருந்து கூலிக்கு ஆளு வருவான்." கறி மொத்தத்தையும் குழி தோண்டிப் பொதச்சோம். தோண்டுனது நானும் சங்கிலியும். பக்கத்துப் பக்கத்துல நின்னு தோண்டுனோம்.

அன்னைக்குத் தெரு மொத்தமும் பருப்புக் கொழம்புதான். எங்க வீட்டுலயும் அதான். அண்ணன் மடங்காத ரெண்டு வெரல ஒதுக்கி வச்சுட்டு மிச்ச வெரலால சோத்தப் பெசஞ்சாக, வாய்க்குக் கொண்டுபோகல.

"நேத்து ஒரு வாழ மரத்த எடது கையில ஒரே வெட்டுல சாச்சேன் பஞ்சம்மா"ன்னாக. "அடுத்த வருசம் என்கிட்ட வந்திருக்கும். எங்க அப்பா வச்சிருந்தது. ஒரு வருசம் நீ பொறுத்திருந்தா வந்திருக்கும்."

அண்ணன் கண்ணுல தண்ணி நின்னுச்சு. வெரலு அறுந்தன்னைக்குக்கூட அவுக அழுகல. நான் தட்டத் தள்ளிவச்சுட்டேன்.

மதினி கரண்டியில கொழம்ப அள்ளி அண்ணன் சோத்துல ஊத்துச்சு.

"அவன் கையிலயும் இல்லேல்ல?"

அண்ணன் நிமிந்து பாத்தாக.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அவன் கையில இருக்கா, இல்லையா?"

"இல்ல."

"அப்ப சாப்பிடுங்க."